நான் எழுதிய புகார் மனு

தம்பி,

நேற்று மத்தியானம் நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வயலில் சம்பா அறுப்பு நடக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். மெஷின்காரருக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லி உன் அப்பா இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். கொடுத்துவிட்டு வந்து இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். உனக்கு மட்டும் என்று நினைக்காதே. உன் அணியில் இருக்கிற எல்லோருக்கும் நீ இதைப் படித்துக் காட்டலாம், தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தியில் சொல்லலாம். இதில் வருகிறவர்களிடம் கேட்டுவிட்டேன். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. என் மானம் போவதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. கடைசி நிமிடத்தில் உனக்கு நேர் முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்ற நோர்பு சட்டென்று ஒதுங்கினான். பந்துக்குப் பதிலாக நீங்கள் அடித்து ஆடுகிற அந்தக் கறுப்பு வில்லை அவன் இருந்த இடத்தின் வழியாகவே வந்து உன் கால்களுக்கு நடுவில் கோலுக்குள் புகுந்துவிட்டது. நோர்புவின் தம்பி எதிரணியில் ஆடுகிறான். அன்று காலையில் அண்ணனும் தம்பியும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை உங்களில் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, அவன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டான், அவனை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு மனு தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்போகிறீர்கள். கோல்கீப்பர் நீ என்பதால் முதல் கையெழுத்து உன்னுடையது. ஆங்கிலத்தில் இருந்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினாய். "அணியின் ஒற்றுமை கருதி" என்று ஆரம்பித்தது. கடைசியில், "போடட்டுமாம்மா?" என்று கேட்டாய். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பயந்துபோய் அப்படிச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. நீ சொல்லி முடிக்கும் முன்பே, "அவன் விட்டுத்தான் கொடுத்திருப்பான்" என்று என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தப் பையனின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கோ மலையில், உறைந்த தண்ணீர் மேல் நீங்கள் ஆடுகிற ஐஸ் ஹாக்கியின் பாதி விதிகள் எனக்குத் தெரியாது. ஆனாலும் எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைக் கண்டுதான் பயந்தேன்.

என் குணம் உனக்குத் தெரியும். பால்காரர் ஊற்றும்போது கிட்டே நின்று பார்ப்பேன். கடையில் விதைநெல் மூட்டை வாங்கினால் தையல் பிரித்துத் தைத்த மாதிரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நீ பத்தாவது படித்தபோது புதுசாக வாங்கிய உன் கீப்பர் கிளவுஸ் காணாமல் போனது நினைவிருக்கிறதா? உன் கூட்டாளி கார்த்திதான் எடுத்திருப்பான் என்று அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா வீட்டில் இருந்த ஒரே டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் நின்று பார்த்தேன். சாயங்காலம் கிளவுஸ் மோட்டார் கொட்டகையில் கிடந்தது. நனைந்திருந்ததால் காயட்டும் என்று உன் அப்பா அங்கே போட்டிருக்கிறார். கார்த்தி அதன் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீயும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் அதைப் பேசாமலே எட்டு வருஷம் ஓட்டிவிட்டோம்.

இதெல்லாம் அந்தக் காலத்தில் கோல்கீப்பராகக் கோலுக்கு முன்னால் நின்று நின்று வந்த வினை என்று நினைக்கிறேன். நீயும் அங்கே நிற்கிறவன், உனக்குப் புரியும். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடுகிறார்கள். நமக்குத் தெரிவது முதுகுகள் மட்டும். எந்த முதுகு களைத்திருக்கிறது, எது பயந்திருக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று நாமாகவே ஊகித்துக்கொண்டு நிற்கிறோம். அந்த ஊகம் பத்து தடவை பலித்தால் பதினோராவது தடவை அதை ஊகம் என்று நினைக்க மாட்டோம். கண்ணால் பார்த்ததாகவே நினைத்துக்கொள்வோம்.

நான் மாவட்ட ஹாக்கி அணிக்கு ஆடியது உனக்குத் தெரியும். ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால் கல்யாணம் ஆனது என்று சொல்லியிருக்கிறேன். பாதிதான் உண்மை. ஆட்டம் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு ஜமீலா என்று ஒருத்தி காரணம். அவளைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜமீலா பாபநாசத்துப் பக்கத்துப் பெண். அவள் அத்தா துபாயில் வேலையில் இருந்தார். தடுப்பில் எனக்கு வலப்பக்கம் அவள், இடப்பக்கம் செல்வி. செல்வி நம் பூதலூர்க்காரிதான், இப்போது ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளே, அவள். எனக்கும் ஜமீலாவுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எனக்கு நேராக வருகிற பந்தில் அவள் மட்டையை வைத்தால் பந்து திசை மாறிவிடும். அதனால் நான் "விடு" என்பேன். அவள் ஒதுங்குவாள். நான் காலில் கட்டிய பேடால் தட்டி வெளியே அனுப்புவேன். அந்த வருஷம் மாநிலப் போட்டி தஞ்சாவூரில் நடந்தது. காலிறுதியில் அப்படித்தான் ஒரு பந்தை அவள் விட்டாள், நான் தட்டினேன், நாங்கள் ஜெயித்தோம். இரண்டு பேருக்கும் என்ன ஒரு புரிதல் என்று எங்கள் கோச் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனபோது ஜமீலா அங்கே எதிரணிக் கோச்சம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எங்களுக்கு அந்த அணியைப் பார்த்தால் ஏக்கம். நல்ல காலணி, நல்ல ஹாஸ்டல், ஆடி முடித்தால் வேலை. அங்கே போக எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான். காலிறுதிக்கு முன்னாலும் அவள் அந்த அம்மாவோடு பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அது என் கண்ணில் உறுத்தவில்லை. ஜெயித்த ஆட்டத்தில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை, தம்பி.

முடிய இரண்டு நிமிடம் இருந்தது, ஒன்றுக்கு ஒன்று. ஒலிபெருக்கியில் யாரோ யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கத்தியது. வலப்பக்கத்திலிருந்து பந்து தாழ்வாக வந்தது. ஜமீலா அதன் வழியில் நின்றாள். நின்றவள் ஒதுங்கினாள். நான் காலை நீட்டும்போது பந்து என்னைத் தாண்டிக் கோலுக்குள் இருக்கும் பலகையில் மோதிய சத்தம் கேட்டது. தோற்றுவிட்டோம். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதைக் குற்றவாளியின் பார்வை என்றே இருபத்தாறு வருஷம் நினைத்திருந்தேன்.

மறுநாளே மனுவை எழுதினேன். "கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்" என்று இந்த நோட்டில் எழுத வந்தது, அடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். குழாயடிப் பேச்சை எழுதினேன். ஒதுங்கியதை எழுதினேன். நீ நேற்றுப் படித்தாயே, அதே மாதிரி ஒற்றுமையைப் பற்றியும் முதல் வரியில் எழுதினேன். கையெழுத்து வாங்கப் போன இடத்தில் ஒருத்திகூட மறுக்கவில்லை. அந்தப் போட்டி முழுக்க யார் எங்கே ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜமீலாவை மாவட்ட அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். செய்தி பரவி, இறுதி ஆட்டத்தில் எதிரே ஆடிய அந்த வெளியூர் அணியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வருஷம் திரும்புவதற்குள் கல்யாணமாகித் துபாய் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஆட்டத்தை விற்றவளுக்கு வெளிநாடு என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசினேன்.

போன கார்த்திகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குப் பாபநாசம் அழைத்துப் போனேன் அல்லவா? நல்ல மழை. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு, குடை வாங்கக் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "கோலி" என்றாள். அணியில் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள். ஜமீலா. ஊர் திரும்பி ஆறு வருஷம் ஆகிறதாம். ஸ்டூல் போட்டாள், டீ வரவழைத்தாள். நான் குடிக்கவில்லை. எதற்கு இவ்வளவு உபசாரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே கேட்டேன், அன்றைக்கு ஏன் ஒதுங்கினாய் என்று.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதான விடுன்னு கத்துன" என்றாள். "நீ சொல்லாம நான் என்னைக்குப் பந்த விட்டுருக்கேன்?"

நான் கத்தவில்லை என்றேன். அவள் வாதாடவில்லை. அந்தக் கோச்சம்மாவோடு பேசியது உண்மைதான் என்று தானாகவே சொன்னாள். முழுக்கால் சட்டை போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு ஆட அங்கே விடுவார்களா என்று கேட்டிருக்கிறாள். விட்டால்தான் மேற்கொண்டு ஆட அனுப்புவேன் என்று அவள் அத்தா சொல்லியிருந்தாராம். எங்கள் கோச்சிடம் இரண்டு தடவை கேட்டும் அவர் காதில் வாங்கவில்லையாம். நான் குடையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து நல்ல பொய்யாகத்தான் தயார் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இருந்தாலும் மறுநாள் செல்வி கடைக்குப் போனேன். ஜமீலா சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். செல்வி சிரிக்கவில்லை. மெஷினில் பேப்பரை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா, கத்துன" என்றாள். "எனக்கே கேட்டுச்சு. கத்திட்டு நீ ஒரு அடி லேட்டா வந்த."

"அப்ப ஏன்டி கையெழுத்துப் போட்ட?"

"நீ பேப்பரோட வந்து நிக்கிற. எல்லாரும் போட்டுட்டாங்க. நான் போடலன்னா அடுத்த பேரு எம் பேருதான்னு நெனச்சேன்."

அப்போதும் நான் நம்பவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று செல்வியின் போனை வாங்கி, ஜமீலாவின் நம்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. செல்வி என்னைத் தடுக்கவில்லை. போனைத் திருப்பி வாங்கித் துடைத்து மேஜை மேல் வைத்தாள். வீட்டுக்கு வந்து பழைய ஆட்களின் நம்பரைத் தேடிப் பிடித்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஒருத்தி இறந்துவிட்டாள். இரண்டு பேர் கிடைக்கவில்லை. கிடைத்த ஐந்து பேரில் நான்கு பேர் தயங்காமல், நீ கத்தினாய் என்றார்கள். ஒருத்தி, ஞாபகம் இல்லை, ஆனால் நீ சொன்னால்தானே ஜமீலா ஒதுங்குவாள் என்றாள். ஐந்து பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்.

எனக்கு இன்றைக்கு வரைக்கும் அது நினைவில் இல்லை. கண்ணை மூடினால் ஒலிபெருக்கி கேட்கிறது, கூட்டம் கேட்கிறது, பலகைச் சத்தம் கேட்கிறது. என் குரல் மட்டும் கேட்கவில்லை. வேண்டுமென்று பொய் சொல்லியிருந்தால்கூட என்னை நானே பிடித்திருப்பேன். நான் பொய் சொல்லவில்லை, தம்பி. தோற்ற அவமானத்தில் அந்த ஒரு வார்த்தை எங்கோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஜமீலாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

மார்கழியில் மறுபடி பாபநாசம் போனேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நான்தான் கத்தினேனாம், மற்றவர்களைக் கேட்டேன் என்றேன். கேட்டாயா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "அதெல்லாம் எனக்கு வேணாம். வீட்டுக்கு வா, எம் பொண்ணுகிட்ட சொல்லு" என்றாள். அவள் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் பெயர் இருந்திருக்கிறது. அணி சேர்ந்து ஆடுகிற எதற்கும் ஜமீலா அவளை அனுப்பவில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி அந்தப் பெண்ணிடமே, உங்கம்மா மேட்ச்சை விற்றவராமே என்று கேட்டிருக்கிறாள். மகள் வந்து அம்மாவிடம் கேட்க, இல்லை என்று சொல்லியிருக்கிறாள் ஜமீலா. இல்லை என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட இரண்டு வயசு குறைவு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளும் எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், போனை வாங்கிப் பார்த்தது உட்பட. ஜமீலா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள், "எழுதறதுக்கு முன்னாடி எங்கம்மாகிட்ட ஏன் விட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஆன்ட்டி?"

இல்லை என்றேன். ஏன் என்றாள்.

"கேட்டா பொய் சொல்லுவான்னு நெனச்சேம்மா."

"பொய்யே சொல்லியிருக்கட்டும். கேட்டிருக்கலாம்ல."

ஜமீலா உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்தப் பெண்தான் என்னைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். ஜமீலா மறுபடி வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நோர்பு நல்லவன் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அவன் உண்மையாகவே தன் தம்பிக்காக விட்டுக்கொடுத்திருக்கலாம். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நீ என் பிள்ளை, என் சந்தேகம் உன்னையும் விடாது. நேற்றுப் பேசும்போது நீ ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னாய். "நான் ஒண்ணுமே சொல்லலம்மா, அவனா நகந்தான்." நான் அதைக் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு எதற்கு மூன்று தடவை பதில்? அந்த மனுவை எழுதியது யார் என்பதையும் நீ சொல்லவில்லை. ஆங்கிலம் நன்றாக இருந்தது. உன் அணியில் அப்படி எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

கோபப்படாதே. நீ கத்தினாய் என்று நான் சொல்லவில்லை. கத்தியிருந்தால் உனக்கு அது நினைவிருக்கும் என்று நீ நம்புவாய், நானும் அப்படித்தான் நம்பினேன். உன் பின்னால் ஒன்பது பேர் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறார்கள் என்கிறாய். அதை வைத்து உன் பக்கம் நியாயம் இருப்பதாக எண்ணிக்கொள்ளாதே. அவர்களில் எத்தனை செல்விகள் என்று உனக்குத் தெரியாது. உங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். முன்னால் நிற்கிறவன் உன் ஒரு சொல்லை நம்பி ஒதுங்குவானா என்பதில்தான் உன் ஆட்டமே இருக்கிறது. அப்படி ஒதுங்கியவனைப் புகார் எழுதி அனுப்பிவிட்டால், அதன் பிறகு அங்கே வந்து நிற்கிற எவனும் நீ சொல்லி ஒதுங்க மாட்டான்.

நோர்புவிடம் தனியாகப் போ. நியாயம் பேசாதே, டீக்கடையைப் பற்றிப் பேசாதே. "உன் காதில் என்ன விழுந்தது, ஏன் ஒதுங்கினாய்" என்று மட்டும் கேள். அவன் பொய் சொல்லலாம், சொல்லட்டும். அவன் சொல்வதைக் காதால் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். நான் குறுக்கே வரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஜமீலாவின் வீடு அன்றைக்கு எனக்கு ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. உனக்கு அந்தப் பையன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான்.

அம்மா